புது போனில் படம் மங்கலாக வருகிறது: லென்ஸ் பழுதா, போனின் இயல்பா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். போன் வாங்கி நாலு நாள் ஆகிறது. பெட்டியில் 200 மெகாபிக்சல் என்று போட்டிருக்கிறது. கன்னியாகுமரி கடற்கரையில் நின்று திருவள்ளுவர் சிலையை எடுத்தீர்கள். தக்கலைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் முகம் குழம்பிக் கிடக்கிறது. தம்பியின் பழைய போனில் அதே சிலை பளிச்சென்று இருக்கிறது. கடையில் சொன்ன 7 நாள் முடிவதற்குள் மாற்றிக் கேட்கலாமா என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் கையில் இருக்கும் இந்த ஒரு போனின் லென்ஸ் பழுதா என்பது ஒன்று. இந்த மாடல் படம் எடுக்கும் விதமே உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்பது மற்றது. முதலாவதற்கு நாளைக் காலை வெளிச்சத்தில் வீட்டிலேயே விடை கிடைத்துவிடும். இரண்டாவதுதான் உண்மை என்றால், மாற்றி வாங்கியும் பயனில்லை. அதே மாடலில் இன்னொன்றைத்தான் கொடுப்பார்கள், படமும் அதேபோலத்தான் வரும்.

நான் நாகர்கோவிலில் ஸ்டுடியோவும் பிரிண்ட் லேபும் நடத்துகிறேன். பிலிம் ரோல் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். இப்போது பிரிண்டுக்கு வருவதில் பெரும்பாலானவை போன் படங்கள்தான். கல்யாண ஆல்பத்தில் இருந்து நினைவஞ்சலிப் படம் வரை. ஆய்வுக்கூடத்தில் கூர்மையை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 12233 என்ற தர அட்டையை வைத்துக் கணினியில் அளப்பார்களே, அந்த ஏற்பாடு என்னிடம் கிடையாது. கண்ணுக்கும் காகிதத்துக்கும் தெரிகிற அளவில்தான் சொல்கிறேன். உங்கள் ஒரிஜினல் படத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால் உங்கள் போன் பழுதுதான் என்றோ இல்லை என்றோ இங்கிருந்தபடி அடித்துச் சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்கிற வழியைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிலைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 அடி. அதாவது ஏறத்தாழ 40 மீட்டர். நீங்கள் நின்ற இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போன்களின் மெயின் கேமரா, பழைய பிலிம் கேமராக் கணக்கில் 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமான அகலத்தைப் பார்க்கும். 200 மெகாபிக்சல் போனும் வழக்கமான மோடில் சுமார் 12 மெகாபிக்சல் படத்தைத்தான் சேமிக்கும். இந்தக் கணக்கில் பீடத்தையும் சேர்த்து முழுச் சிலைக்கும் மேலிருந்து கீழ்வரை கிடைப்பது 230 பிக்சல் அளவுதான். முகத்துக்கு 20 பிக்சல் தேறினாலே அதிகம். 20 பிக்சலில் கண்ணும் மூக்கும் தாடியும் பிரிந்து தெரிய வேண்டும் என்றால் எந்தப் போனாலும் முடியாது. கூடவே கடற்கரைக் காற்றில் எப்போதும் ஈரமும் உப்பும் கலந்த மெல்லிய மூட்டம் இருக்கும். நடுப்பகலில் சூடேறிய கல்லுக்கும் மணலுக்கும் மேலே காற்றும் நெளியும். ஆக, தூரத்தில் இருக்கும் சிலையை வைத்துக் கேமராவை எடைபோட்டது சரியான சோதனை ஆகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் 200 மெகாபிக்சல் எங்கே போயிற்று? லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் பதிகிற சில்லுதான் சென்சார். அந்த மாதிரி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). எஃப் 1.8 அளவு திறப்புள்ள லென்ஸை எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும், ஒளியின் இயல்பினால் ஒரு பச்சைப் புள்ளி சென்சாரில் சுமார் 2.4 மைக்ரான் விட்டமுள்ள வட்டமாகத்தான் விழும். அதாவது ஒரே புள்ளி நாலு பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. அதோடு, இந்தச் சென்சார்களில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள 16 பிக்சல்களுக்கு ஒரே நிற வடிகட்டிதான். 16-ஐயும் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத் தருவது ஏமாற்று வேலை இல்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் அதுதான் படத்தைக் காப்பாற்றுகிறது. 41 மெகாபிக்சல் சென்சாரில் பிக்சல்களைச் சேர்த்துச் சுத்தமான சிறிய படம் எடுக்கும் வித்தையை நோக்கியா 808 போன் 2012-லேயே காட்டிவிட்டது. நல்ல வெயிலில் 200 மோடைப் போட்டு எடுத்தால் கொஞ்சம் கூடுதல் விவரம் கிடைக்கும். 16 மடங்கு கிடைக்காது. பெட்டியில் எண்ணைப் பெரிதாகப் போடுகிறவர்கள் சென்சாரின் அளவையும் அதே எழுத்தில் போட்டால் வாங்குகிறவர்களுக்குப் புண்ணியமாக இருக்கும். வெளிச்சம் வாங்குவது சென்சாரின் பரப்புதான்.

இனி பழுதுச் சோதனை. அதற்கு முன் லென்ஸைத் துடைத்துவிடுங்கள். இதைச் சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று எந்தக் கரையில் நின்றாலும் பத்து நிமிடத்தில் லென்ஸ் கண்ணாடி மேல் உப்புச் சாரல் படியும். அதன் மேல் விரலின் எண்ணெயும் சேர்ந்தால் படம் முழுக்கப் பால் கலந்தது போல வெளிறிவிடும். ராத்திரியில் தெருவிளக்கிலிருந்து நீளக் கோடு போல ஒளி இழுத்தால் அது லென்ஸ் பழுது இல்லை. நீங்கள் துடைத்த திசையில் எண்ணெய்ப் பூச்சு கோடு கோடாக நிற்கிறது, ஒளி அதற்குக் குறுக்கே இழுக்கிறது. உப்போடு மணலும் இருக்கும் என்பதால் காய்ந்த வேட்டி நுனியால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியை லேசாக நனைத்து ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு காய்ந்த துணியால் மெல்லத் துடையுங்கள். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் எடுத்த படம் மூடுபனி மாதிரி இருந்தால் கண்ணாடி மேல் ஈரம் பூத்திருக்கிறது. சில நிமிடத்தில் போய்விடும். போகாமல் உள்பக்கம் ஆவி நின்றால் அது பழுது, அப்போதே கடைக்குப் போகலாம். கடையில் கேமரா மேல் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டித் தந்தார்களா? சோதனை முடியும்வரை அதைக் கழற்றி வையுங்கள். நூறு ரூபாய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு லென்ஸைக் குறை சொல்லக் கூடாது.

பழைய தினத்தாளில் இரண்டு பக்கம் சேர்ந்தபடி விரித்த நான்கு தாள்களை எடுத்து, மேலே இரண்டு கீழே இரண்டு என்று சமமான சுவரில் ஒட்டுங்கள். நேர்வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமான வராந்தாச் சுவர் போதும். ஒரு மீட்டர் தூரத்தில் போனைப் படுக்கைவாட்டில் வைத்தால் அந்த நான்கு தாள்களும் ஏறக்குறைய முழுப் படச் சட்டத்தையும் நிறைக்கும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வையுங்கள். போன் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். நடுவில் தொட்டு ஃபோகஸ் செய்து, மூன்று விநாடி டைமர் போட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து சில படங்கள் எடுங்கள். பிறகு போனைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தில் வைத்து இன்னும் சில படங்கள். இப்போது கணினித் திரையில் முழு அளவில் விரித்து நாலு மூலையையும் பாருங்கள். செய்தி எழுத்து இந்தத் தூரத்தில் சிரமப்பட்டுத்தான் படிக்க வரும். அதுவே நமக்கு வசதி, சின்ன வித்தியாசமும் காட்டிக்கொடுத்துவிடும்.

நடுவைவிட நாலு மூலையும் ஒரே அளவு இளகியிருந்தால் அது எல்லா லென்ஸுக்கும் உள்ள இயல்பு. ஒரு பக்கம் மட்டும் எழுத்து கரைந்து, எதிர்ப்பக்கம் கூராக இருந்தால் கவனிக்க வேண்டும். முதல் படத்தில் தாளின் இடது மேல்மூலை கரைந்து, போனைத் திருப்பி எடுத்ததில் அந்த மூலை தெளிவாகி வலது கீழ்மூலை கரைந்தால், கரைசல் போனோடு சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம். உள்ளே லென்ஸ் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தோ நகர்ந்தோ உட்கார்ந்திருக்கிறது. இரண்டு முறையும் தாளின் அதே மூலைதான் கரைகிறது என்றால் போனை இணையாக வைக்கவில்லை. மறுபடி வைத்து எடுங்கள். ஒரு பக்கக் கரைசல் உறுதியானாலும் இன்னொரு சாட்சி வேண்டும். கிட்டத்தில் தட்டையான பொருளை எடுக்கும்போது சில நல்ல லென்ஸ்களும் ஓரத்தில் தடுமாறும். ஊரில் குளத்துக்குப் பஞ்சமில்லை. ஏதாவது ஒரு குளத்தங்கரையில் நின்று அக்கரைத் தென்னை வரிசை சட்டத்தின் இடமிருந்து வலம்வரை வருமாறு எடுங்கள். அங்கும் அதே பக்கம் ஓலைகள் குழைந்து தெரிந்தால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று திரும்பத் திரும்பக் குனிந்து தேட வேண்டியிருந்தால் அதை வீட்டில் வைத்துத் தீர்மானிக்க முடியாது. பிரிண்டிலும் அது தெரியாது.

தாளின் ஒரு ஓரத்தைக் கையில் பிடித்து மிக நெருங்கி எடுத்து மங்கலாக வருகிறது என்று பலர் பதறுகிறார்கள். பெரிய சென்சார் உள்ள மெயின் கேமராக்கள் பல ஒரு சாணுக்குள் இருக்கும் பொருளுக்கு ஃபோகஸே ஆகாது. அதனால் கிட்டே போனால் போன் சத்தமில்லாமல், அகலமாகக் காட்டும் அல்ட்ராவைட் லென்ஸுக்கு மாறிவிடும், தரமும் மாறிவிடும். ஜூமிலும் இதே கதைதான். 3 மடங்கு என்று அழுத்தினாலும் வெளிச்சம் குறைந்தால் பல போன்கள், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸை விட்டுவிட்டு மெயின் கேமராப் படத்தை வெட்டிக் கொடுக்கும். கேமரா திரையைப் பார்த்துக்கொண்டே டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருளவில்லை என்றால் அந்த நேரத்தில் டெலி வேலை செய்யவில்லை. கடையில் விளக்கு வெளிச்சத்தில் ஜூமைச் சோதித்து வாங்கியவர்கள் நிறையப் பேர் சோதித்தது இந்த வெட்டுப் படத்தைத்தான்.

மங்கல் என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு கோளாறுகளைச் சொல்கிறோம். அந்தி நேரத்தில் முப்பந்தலில் காற்றாலையை எடுத்தால் கோபுரம் கூராகவும் இறக்கை இழுபட்டும் வரலாம். ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது, போன்மேல் தப்பில்லை. கோபுரமும் இறக்கையும் ஒரே திசையில் இழுபட்டால் கை ஆடியிருக்கிறது. முன்னால் உள்ள புல் கூராகவும் கோபுரம் உருண்டையாகவும் குழைந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. கேலரியில் படத்தை மேலே தள்ளினால் ஷட்டர் வேகமும், வெளிச்சக் குறைவை ஈடுகட்டப் போன் கூட்டுகிற ஐ.எஸ்.ஓ. எண்ணும் தெரியும். 1/25 விநாடி, ஐ.எஸ்.ஓ. 2000 என்று இருந்தால் அந்தப் படத்தை வைத்து லென்ஸைப் பற்றி ஒன்றும் பேச முடியாது. ஒருவேளை ஸ்டாண்டில் வைத்த பிறகும் கேமராத் திரை நடுங்கினால், ஓ.ஐ.எஸ். என்னும் ஆட்டம் தடுக்கும் அமைப்பில் கோளாறு இருக்கலாம். பைக் ஹேண்டிலில் போனை மாட்டி மேப் பார்த்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதிக சக்தியுள்ள பைக் எஞ்சினின் அதிர்வு இந்த அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது.

இனி, தம்பியின் போன் ஏன் பளிச்சென்று காட்டுகிறது என்ற விஷயம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கிளாரிட்டி என்று நாம் சொல்வதில் இரண்டு இருக்கின்றன: படத்தில் உண்மையில் எவ்வளவு விவரம் பதிந்திருக்கிறது என்பதும், ஓரங்கள் எவ்வளவு அழுத்தமாகக் காட்டப்படுகின்றன என்பதும். இரண்டாவதை மென்பொருளே செய்துவிடும். ஒரு ஓரத்தின் இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கினால் போதும், கண் அதைக் கூர்மை என்று எடுத்துக்கொள்ளும். வெளிச்சமான வானத்துக்கு எதிரே ஒரு தென்னை ஓலையை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஈர்க்குக்கும் பக்கத்தில் சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு ஓடினால் அது மென்பொருள் சேர்த்த கூர்மை. ஓலைக்கு அந்தக் கோடு கிடையாது. பிறகு நிழலில் இருக்கும் பழைய ஓட்டுக் கூரையையோ பாசி பிடித்த சுவரையோ எடுங்கள். பாசியின் சொரசொரப்பு போய் வாட்டர்கலர் பூசியது போல வழவழவென்று இருந்தால், நாய்ஸை, அதாவது வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவியது போல வரும் புள்ளிகளை, அழிக்கிற வேகத்தில் விவரத்தையும் அழித்திருக்கிறது. இந்த இரண்டு படத்தையும் இரண்டு போனிலும் எடுத்து அருகருகே வையுங்கள். தம்பியின் போன் உண்மையிலேயே மேலா, அழுத்திக் காட்டுகிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் போன் மென்மையாக எடுத்தாலும் விவரம் உள்ளே இருந்தால் எடிட்டில் கொஞ்சம் கூர்மை ஏற்றிக்கொள்ளலாம். போன் வரைந்துவிட்ட வெள்ளைக் கோட்டைப் பிறகு யாராலும் சுத்தமாக எடுக்க முடியாது.

சில போன்கள் இதற்கும் மேலே போகின்றன. 2023-ல் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, அதைச் சாம்சங் போனால் படமெடுத்து ரெடிட் தளத்தில் போட்டார். மூலத்தில் இல்லாத பள்ளங்கள் போன் படத்தில் இருந்தன. நிலாவை அடையாளம் கண்டு ஏ.ஐ. மூலம் விவரத்தைக் கூட்டுகிறோம் என்று அந்த நிறுவனமும் பிறகு விளக்கம் சொன்னது. சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி வந்து ஒருபக்கம் சூரியன் மறைய மறுபக்கம் நிலா எழுவதை எடுக்கிறவர்கள், நிலாப் படத்தை வைத்து ஜூம் லென்ஸைப் புகழ்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். நிலாவில் போனால் போகட்டும். முகத்தில் நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நினைவஞ்சலிப் படத்துக்காகப் பாட்டியின் போன் படத்தைக் கொண்டுவருவார்கள். பியூட்டி மோடு கன்னச் சுருக்கத்தையும் நெற்றிக் கோட்டையும் வழித்து எடுத்திருக்கும். பெரிதாகப் பிரிண்ட் போட்டதும் மகள்கள் "அம்மா மாதிரியே இல்லையே" என்பார்கள். அழிந்ததைத் திருப்பிக் கொண்டுவர என்னிடம் வழி இல்லை. முன் கேமராவில், போர்ட்ரெய்ட்டில், வீடியோவில் தனித்தனியாக இந்த மோடு ஒளிந்திருக்கும். மூன்றிலும் போய் அணையுங்கள்.

எதில் பார்த்து ஒப்பிட்டீர்கள் என்பதும் முக்கியம். தம்பி தன் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியிருந்தால் அதன் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். சுருங்கிய படம் போன் திரையில் எப்போதும் கூராகத்தான் தெரியும். ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் டாக்குமெண்டாக அனுப்பி ஒரே கணினியில் திறக்க வேண்டும். போன் திரை என்பதே பெரும்பாலும் 1080-க்கு 2400, அதாவது 26 லட்சம் பிக்சல்தான். காகிதத்துக்கு வந்தால் 4000-க்கு 3000 பிக்சல் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 13-க்கு 10 அங்குலம் வரை தாராளமாக வரும். 12-க்கு 36 ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க, 12-க்கு 18-க்கு, நல்ல வெளிச்சத்தில் எடுத்த 12 மெகாபிக்சல் படத்தை நான் நம்பிப் போடுவேன். அதே படத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவரை வெட்டி அந்த அளவுக்குப் போடச் சொன்னால் மாட்டேன்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. தோவாளைப் பூச்சந்தைக்குக் காலையில் போய்க் கேந்திக் குவியலையும் பிச்சிப்பூவையும் எடுத்துப் பாருங்கள். கேந்தியில் இதழ் இதழாகப் பிரியாமல் ஆரஞ்சுத் திட்டாகப் போனால் நிறத்தைத் தேவைக்கு மேல் ஏற்றுகிறது. பிச்சி வெறும் வெள்ளைத் திட்டானால் வெளிச்சத்தை அளப்பதில் தடுமாறுகிறது. கடை எல்.இ.டி. விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் ஓடினால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பினால் வருவது, போன் பழுது இல்லை. இந்த நிறமும் கூர்மையும் மென்பொருள் அப்டேட்டில் மாறக்கூடியவை. அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி 7 நாளைக் கடக்க விடாதீர்கள். சாய்ந்த லென்ஸை எந்த அப்டேட்டும் நிமிர்த்தாது.

ஆகவே நாளைக்கே அந்தத் தினத்தாள் படங்களையும் குளத்தங்கரைப் படத்தையும் எடுங்கள். ஒருபக்கக் கரைசல் இருந்தால் வெட்டாத, எடிட் செய்யாத ஒரிஜினல்களோடு கடைக்குப் போய், கிளாரிட்டி இல்லை என்று சொல்லாமல், போனைத் திருப்பினால் கரைசலும் கூடவே திரும்புகிறது என்று அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதற்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். முடிந்தால் கடையில் இருக்கும் அதே மாடல் டெமோ போனிலும் அதே சுவரை எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். நாலு மூலையும் சமமாக இருந்தால் போன் நல்ல போன்தான், வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் நேராக ஒன்றும் தலைகீழாக ஒன்றுமாக இரண்டு ஒரிஜினல் படங்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.